கடலைப் பார்த்த ஸ்கூட்டி

மாப்ளே,

நேற்று திருச்சுழியில் ஒரு வீட்டு வாசலில், பழைய ஸ்கூட்டி ஒன்றின் சைலன்ஸரைத் தொட்டுப் பார்த்தேன். நாங்கள் போகும் முன்பே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான். சில்லென்று இருந்தது. பட்டனை அழுத்தியதும் கிளம்பிவிட்டது. அந்தப் புகை மூக்கில் ஏறியதும், பக்கத்தில் நீ நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துத் திரும்பினேன். நின்றது உன் வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள்.

தங்கச்சிக்கு அருப்புக்கோட்டையில் ஒரு தையல் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. நம் ஊரிலிருந்து முதல் பஸ் போய்ச் சேர்வதற்குள் ஷிப்ட் தொடங்கிவிடும். திங்கட்கிழமை வண்டியோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். உன் பைக்கை விற்ற காசுதான் கையில் இருந்தது. லோன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

எனக்கு வண்டி தேடி நாம் அலைந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துக்கொண்டேன். நான் டயரையும் செயினையும் குனிந்து பார்ப்பேன். நீ வண்டிப் பக்கமே திரும்ப மாட்டாய். "இதுல எங்கெங்க போயிருக்கீக?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாய். காரியாபட்டியில் ஒருத்தர், வீட்டுக்கும் கடைக்கும் மட்டுமே ஓடிய வண்டி என்று என்னிடம் சத்தியம் செய்தார். உன்னிடம், அதே வண்டியில் மூன்று மூட்டை கருவேலங்கரி ஏற்றிக்கொண்டு மதுரை வரை போன கதையை ஆசை ஆசையாகச் சொன்னார். நீ டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தாய். "வண்டியப் பத்திக் கேட்டா பொய் சொல்லுவாக மாப்ள. போன ஊரக் கேட்டா வாய் நிக்காது" என்றாய். ஆனால் உனக்கு வண்டியைவிடக் கதைதான் முக்கியம் என்பது எனக்குத் தெரியாதா?

நீ கண்ணை மூடியபின் எனக்கு யாரிடமும் எதையும் கேட்கத் தோன்றவில்லை. நேற்றுத்தான் தோன்றியது. கேட்டேன்.

அந்த வீட்டு அம்மா சொன்னார்: "எங்க போச்சு தம்பி, மக காலேஜுக்குப் போக வாங்குனது. ஒரு நா யாருகிட்டயும் சொல்லாம சாயல்குடிப் பக்கம் போயி, ஒத்தையில கடலப் பாத்துட்டு வந்துட்டா. அன்னைக்கு அவுக அப்பா சாவிய வாங்கிப் பீரோவுல வச்சாக. நின்னா கெட்டுப்போகும்னு அவுகதான் தெருமுனை வரைக்கும் ஓட்டுவாக."

தங்கச்சி கேட்டாள்: "அந்தப் பிள்ள இப்ப எங்கக்கா இருக்கு?"

"கோயமுத்தூர்ல கட்டிக் குடுத்துருக்கு. வேலைக்குப் போறா, பஸ்ஸுல."

"அப்ப வண்டிய அதுக்கே அனுப்பிரலாம்ல."

வண்டி கைவிட்டுப் போகப் பார்த்தது. நல்ல வண்டி, கைக்கு அடங்கிய விலை, விடிந்தால் திங்கட்கிழமை. இவள் உன்னோடு குடித்தனம் பண்ணியவள் என்பதை நான் மறந்திருக்கக் கூடாது.

அந்த அம்மா மகளுக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அந்தப் பெண் சிரித்தாள். "அந்த அக்காவே எடுத்துக்கிரட்டும்மா. நான் இங்க வேற வாங்கிக்கிருவேன். சாவிய மட்டும் யாருகிட்டயும் குடுக்க வேணாம்னு சொல்லு."

வழியில் வண்டி மக்கர் பண்ணுமோ என்று, நானே ஓட்டி வருவதாக நினைத்துச் சாவிக்குக் கையை நீட்டியிருந்தேன். மடக்கிக்கொண்டேன். தங்கச்சி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தேன். மேடு பள்ளம் பார்த்து நன்றாகவே ஓட்டுகிறாள்.

இன்று காலையில் நேரத்தோடு வேலைக்குப் போய்விட்டாள். ஷிப்ட் முடிந்து வெகுநேரம் ஆகிறது, இன்னும் வீடு வரவில்லை. உன் அம்மா வாசலில் நின்றுகொண்டு, "அவளுக்குப் போனப் போடுப்பா, எங்க போனான்னு கேளு" என்கிறது. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. "வந்துரும் அத்தை. வந்து அதுவா சொல்லட்டும், உக்காந்து கேப்போம்" என்று சொல்லிவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.