பச்சையான தட்டு

ஆவணி பௌர்ணமி இரவு

தெருவில் கிரிவலக் கூட்டம் இன்னும் ஓயவில்லை. அந்தக் கூட்டத்தில்தான் என் கணவரும் நடந்துகொண்டிருக்கிறார். போனை வீட்டிலேயே விட்டுவிட்டார். இத்தனை ஜனத்தில் எங்கே போய்த் தேடுவது?

நேற்று அவர் குதிகால் புண்ணிலிருந்து சீழ் எடுத்து, நான் வேலை பார்க்கும் லேபில் கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்து வைத்தேன். காலையில் வெளிறிய புள்ளிகள்தான் தெரிந்தன. சாயங்காலம் திறந்தால் தட்டு முழுக்கப் பச்சை. திராட்சை வாசனை.

சூடோமோனாஸ் என்ற கிருமி. கொஞ்சமாக இருக்கும்வரை சாதுவாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ரசாயனத்தைக் கசியவிட்டபடி இருக்கும். அது அடர்த்தியானால் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே எல்லாம் சேர்ந்து நஞ்சுக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். அந்தப் பச்சையும் வாசனையும் அப்போதுதான் வரும்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து பழைய கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, புண்ணில் விபூதியை அப்பிப் புதுத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இன்னிக்கு நடக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வலியே இல்ல. வலிச்சா சொல்ல மாட்டனா?"

சர்க்கரை வியாதியால் அவர் பாதம் மரத்துப்போய் வருஷக்கணக்காகிறது.

"செருப்பாவது போட்டுக்குங்க."

"கிரிவலம் போறவன் செருப்பு போடுவானா?" சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு டியூஷன் முடிந்து மகள் வந்தாள். அந்தப் பழைய கட்டு கிடந்த வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தாள்.

"திராட்ச வாங்கினு வந்தியாம்மா?"