ஆற்றுக்கு அடியால் ஒரு வழி

12-03-1974, உடுப்பிட்டி

சங்கக்கடையில் கோதுமைப் பாணுக்கு வரிசை. பள்ளிக்கூடம் தொடங்க முன் போய் நின்றும் எனக்கு முன்னால் நின்றவளோடு முடிந்துவிட்டது. வெறுங்கையோடு திரும்பினால் மாமி முற்றத்தில் நின்று அயலுக்குக் கேட்கக்கூடியதாகச் சொல்கிறா: "இவள் கால் வைச்ச இடத்திலை என்ன மிஞ்சும்? என்ரை பிள்ளையே மிஞ்சேல்லை."

பத்து வருஷமாக இதே கதை. என் புருஷன் வேலை செய்த கப்பல் வடகடலில் புயலில் அகப்பட்டு, அவர் மேல்தளத்திலிருந்து விழுந்துபோனார் என்று கூட வேலை செய்த நீக்கிலாப்பிள்ளை வந்து சொன்னான். அன்று தொடங்கியது. என் சாதகத்தில் செவ்வாய் இருந்தால் வடகடலில் புயல் அடிக்குமா? எட்டாம் வகுப்புக்குப் பூமிசாஸ்திரம் படிப்பிக்கிறேன். வீட்டில் வாய் திறக்க வழியில்லை.

29-03-1974

தங்கை கமலாவதி ரொட்டர்டாமிலிருந்து டிக்கற் அனுப்பியிருக்கிறாள். ஆனியில் அவளுக்குப் பிள்ளைப்பேறு. அம்மா இல்லை, அப்பா இல்லை, என்னை விட்டால் அவளுக்கு ஆர்?

தாலி அறுத்தவள் தலைப்பிள்ளைப் பேறு பார்க்கப் போவதோ என்று மாமி கேட்டா. போறன். அவ்வளவுதான்.

19-05-1974, ரொட்டர்டாம்

வந்து ஒரு கிழமை. கமலாவின் வீடு நாலாம் மாடியில். அவளுடைய அவர், செல்வரட்ணம், கப்பல் திருத்துமிடத்தில் வேலை. நல்ல மனிசன், குறைவாகக் கதைப்பார். மத்தியானம் கமலா படுத்துவிடுவாள். நான் கீழே இறங்கி நடப்பேன். எந்தத் தெரு எங்கே போகிறது என்று தெரியாமல் நடப்பதில் ஒரு சுகம். "இவள் எங்கை போறாள்" என்று கேட்க ஒருவரும் இல்லை.

இன்று ஒரு கட்டடத்தின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'கந்தோர்'! அவர்களுடைய எழுத்தில், அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லுகிற எங்களுடைய சொல். பக்கத்து வீட்டு மனிசி மேசையிலிருந்து ஊசி எடுக்க இழுத்த இழுப்பறையும் லாச்சிதானாம். முந்தி எங்களை ஆண்ட உலாந்தாக்காரன் விட்டுவிட்டுப் போன சொற்களை அவனுடைய ஊரிலேயே கண்டுபிடித்துக்கொண்டு திரிகிறேன். கமலா சிரித்தாள்.

செல்வரட்ணம் மட்டும் சிரிக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகவேண்டாம், அது கப்பல்காரர் குடித்துத் திரிகிற இடம், பொம்பிளையள் போகிற இடமில்லை என்று இரண்டு தரம் சொன்னார்.

06-06-1974

எழுதாமல் விட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

மத்தியானம் ஆற்றங்கரை வரை போனேன். பச்சைக் கூரை போட்ட ஒரு கட்டடம். சனம் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தது. சந்தை என்று நினைத்து நானும் நுழைந்தேன். உள்ளே மரப்படிகள், தாமாகவே கீழே இறங்குகின்றன. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கிழவிகள்கூட நிற்கிறார்கள். நானும் ஏறி நின்றேன். கீழே வெள்ளை ஓடு பதித்த நீண்ட வழி. பாதி தூரம் நடந்த பிறகுதான் விளங்கியது: நான் ஆற்றுக்கு அடியால் போகிறேன். என் தலைக்கு மேலே கப்பல்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லுவேன் என்று தனியே சிரித்துக்கொண்டு நடந்தேன். இந்தப் பத்து வருஷத்தில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

வெளியே வந்தால் மறுகரை. செல்வரட்ணம் சொன்னது நினைவுக்கு வந்தது. திரும்பாமல் நடந்தேன். நாலைந்து தெரு தாண்டி மிளகாய் பொரிக்கிற மணம் வந்தது. அந்த மணத்துக்குப் பின்னால் போனேன். ஜாவாத் தீவுச் சாமான்கள் வைத்த ஒரு சின்னக் கடை. கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றபோது முதுகுக்குப் பின்னால்—

"பிள்ளை, றோட்டிலை ஓடாதை."

எங்கடை தமிழ். அங்கே, அந்தத் தெருவில். எந்த ஊர் என்று கேட்கச் சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

தோளில் வெங்காயச் சாக்கு. வயிறு வைத்திருக்கிறது. தலைமயிர் நரைத்திருக்கிறது. இராசநாயகம். என்ரை மனிசன்.

"அம்பிகை" என்றார். சாக்கை இறக்கவும் தெரியாமல் நின்றார். ஆறேழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று அவருடைய காலைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. கடைக்குள்ளிருந்து ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"உள்ளை வா. ஆக்கள் பாக்கினம்."

"செத்த ஆளை ஆர் பாக்கிறது?" என்று கேட்டேன்.

பிறகு சொன்னார். இல்லை, இனி என்ன 'அவர்'. சொன்னான். கப்பல் இங்கே நின்றபோது இவளோடு பழக்கமாம். கப்பல் புறப்பட்டபோது ஏறவில்லையாம். நீக்கிலாப்பிள்ளையைக் கும்பிட்டுக் கேட்டானாம், கடலில் விழுந்ததாகப் போய்ச் சொல் என்று.

"விட்டிட்டுப் போனன் எண்டால் உனக்குத்தானே அவமானம். செத்தவன் எண்டால் ஒரு மரியாதை இருக்கும் எண்டு நினைச்சன்."

மரியாதை! கலியாணவீட்டில் ஆட்கள் வர எழும்பி உள்ளே போனேனே, அதுவா மரியாதை? என் சொந்தத் தங்கைக்குத் தாலி ஏறும்போது குசினிக்குள் நின்று பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதுவா?

"உன்ரை கொம்மா என்னை, புருஷனை விழுங்கினவள் எண்டு சொல்லுறா. அந்த மரியாதைதான் எனக்குக் கிடைச்சது." அவனை 'நீ' என்று சொன்னது வாழ்க்கையில் இதுதான் முதல் தரம்.

அம்மா இருக்கிறாவோ என்று கேட்டான். இருக்கிறா, வருஷா வருஷம் உனக்குத் திவசம் செய்விக்கிறா என்றேன். அழுதான். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை.

திரும்பி நடக்கத் தொடங்கினேன். பின்னால் வந்து மெல்லக் கேட்டான்: "செல்வரட்ணம் உனக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

07-06-1974

காலையில் கேட்டேன். செல்வரட்ணம் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தெரியும் மச்சாள். மூண்டு வருஷமாத் தெரியும். சொல்லி என்ன வரப்போகுது? குடும்பத்துக்குக் கெட்ட பேர்."

நான் மூலைக்குள் நிற்பது கெட்ட பேர் இல்லையாம். தெரிய வருவதுதான் கெட்ட பேராம். ஆற்றுக்கு அங்காலே குடிகாரர் என்று காவல் போட்டது எனக்காக இல்லை, அவனுக்காக!

கமலா நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குத் தெரியாது. அதை நம்புகிறேன். அவளுக்காக மட்டுந்தான் இந்த வீட்டில் இன்னும் நிற்கிறேன்.

16-06-1974

பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். முதலில் கையில் வாங்கியது நான்தான்.

30-06-1974

மழைத் தூற்றல். அவன் வந்து கீழே மணி அடித்தான். யன்னலால் பார்த்தேன். செல்வரட்ணம் எழும்பினார். இருங்கோ என்றேன். இருந்தார். அவன் நனைந்துகொண்டு நின்றுவிட்டுப் போனான்.

22-08-1974, உடுப்பிட்டி

மாமிக்குச் சொன்னேன். பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. முற்றத்தில் நின்றே சொன்னேன், அயலுக்குக் கேட்கட்டும் என்று.

பொய் என்றா. "நீ என்ரை பிள்ளையைச் செத்தும் நிம்மதியா இருக்க விடமாட்டாய்."

25-08-1974

மாமியைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிப் பருத்தித்துறைக்குக் கொண்டுபோனேன். நீக்கிலாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே இருந்தான். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. கேள்வியும் கேட்க வேண்டியிருக்கவில்லை. "என்னட்டைச் சத்தியம் வாங்கினவன் அக்கா" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னான்.

திரும்பி வரும்போது மாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டா. "மெலிஞ்சு போனானோ?"

"நான் மெலிஞ்சதை நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை மாமி."

வீட்டுக்கு வந்தும் மாமி சாப்பிடவில்லை. சாப்பிடுங்கோ என்று நானும் சொல்லவில்லை.

03-10-1974

இப்போது ஊருக்குப் புதுக்கதை. முந்தி விழுங்கினவள். இப்போது வைத்திருக்கத் தெரியாதவள். அவன் பிழை செய்தான் என்று ஒரு வாயாவது சொல்லுதா?

வழக்குப் பேசுகிற அப்புக்காத்தரைப் போய்ப் பார்த்தேன். விவாகரத்து எடுக்கலாம், ஆனால் அவன் உயிரோடு இருக்கிறான், விட்டுவிட்டுப் போனான் என்று உங்களைத் தவிர இன்னொருவரும் கோட்டில் சாட்சி சொன்னால் நல்லது என்றார். நீக்கிலாப்பிள்ளை வரமாட்டானாம். செல்வரட்ணத்துக்கு எழுதினேன், அவரும் மாட்டாராம், குடும்ப மானமாம். ஆம்பிளையளின்ரை மானம் என்ன கண்ணாடியோ, தொட்டால் உடைய?

14-01-1975

பொங்கல். நாங்கள் பொங்கவில்லை. அவன் தாய்க்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறான். அவனும் அவளும் இரண்டு பிள்ளைகளும். எனக்கு ஒரு சொல் இல்லை. மாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுநாளும் இருந்தா. கிழித்துப் போடலாம் என்று வந்தது. தாய் அல்லோ. விட்டுவிட்டேன்.

09-02-1975

இரவுச் சாப்பாட்டில் மாமி தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "நான் வாறன் கோட்டுக்கு."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். திரும்பவும் சொன்னா.

18-04-1975

வழக்கு எடுத்தார்கள். மாமி கூண்டில் நின்று சேலைத் தலைப்புக்குள்ளிருந்து படத்தை எடுத்து நீட்டினா. "இவன் என்ரை மகன். உயிரோடை இருக்கிறான். இந்தப் பிள்ளையை விட்டிட்டுப் போய், செத்தவன் எண்டு எங்களை ஏமாத்தினவன்."

வெளியே வந்ததும் மாமியை வேப்பமரத்தடியில் இருத்தினேன்.

"பெத்ததும் நான். காட்டிக் குடுத்ததும் நான்." பிறகு கேட்டா: "இனி நீ எங்கை போவாய்?"

கோப்பாய்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்திருக்கிறது என்றேன். ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். அரைவாசி குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினா.

"அங்கை கிணறு நல்ல தண்ணியோ?"

என்ன கேட்கிறா என்று எனக்கு விளங்கியது. பத்து வருஷத்தை அரைப் போத்தல் சோடாவால் கழுவ ஏலுமோ?

27-07-1975, கோப்பாய்

விவாகரத்து முடிந்த கடதாசி வந்தது. மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

காலையில் மாமியோடு சண்டை. மிளகாயை நான் கூடப் போடுகிறேனாம். அப்படியென்றால் உடுப்பிட்டிக்குப் போங்கோ என்றேன். அங்கை ஆர் இருக்கினம் என்று கேட்டா. கோபம் இன்னும் போகவில்லை. போகுமென்றும் தோன்றவில்லை. சில நாளில் அவ முகத்தைப் பார்த்தாலே ஏறுகிறது.

பின்னேரம் வீட்டுக்கார மனிசி வேலிக்கு மேலால் மாமியிடம் விசாரித்தா, இந்த ரீச்சர் உங்களுக்கு என்ன முறை என்று. நான் கிணற்றடியில் வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமி கொஞ்சம் யோசித்தா.

"முறை ஒண்டுமில்லை" என்றா. "நான் இவவோடை இருக்கிறன்."

இரண்டு பேருக்கும் புட்டு அவித்தேன்.