வெள்ளைச் சேலை

வைகாசி 14, வியாழக்கிழமை. இராசிபுரம்.

பாதிரியார் குடும்பம் இங்கே குடிவந்து ஆறு மாதமாகிறது. அன்றிலிருந்து அவர் மனைவி, வெள்ளைக்காரத் துரைசானிக்கு நான்தான் தமிழ் வாத்தியார். பங்களா வராந்தாவில் இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் அவள் உட்காருவாள், மற்றொன்றில் அவள் நாய் படுத்திருக்கும். நான் நின்றுகொண்டே பாடம் சொல்ல வேண்டும்.

தறிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு முதன்முதலாகச் சேலை கட்டிப் போக அவளுக்கு ஆசை. என்ன நிறம் நல்லது என்று நேற்றுக் கேட்டாள். வெள்ளை என்றேன். கரை இல்லாத வெள்ளை.

இன்று அப்படியே வந்து இறங்கினாள். புருஷன் குத்துக்கல் மாதிரி பக்கத்தில் நிற்க, இவள் தாலியறுத்தவள் கோலத்தில் நின்றாள். பந்தலே திரும்பிப் பார்த்தது. என் ஆறு மாதக் கால்வலி அந்த நொடியில் தீர்ந்தது.

கல்யாணப் பெண்ணின் தாய் அவளை உள்ளே அழைத்துப் போய், தன் தறியில் நெய்த சிவப்புச் சேலையைக் கட்டிவிட்டு, பூவும் வைத்துக் கூட்டிவந்தாள். பிறகு நேரே என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, ஊருக்குப் புதுசுங்க, அவங்களுக்கு என்னங்க தெரியும்? நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

நான் வாய் திறக்குமுன் துரைசானி சொன்னாள்: "நான் கேட்டேன். வெள்ளை கட்டச் சொன்னவர் இவர்தான்."

ஒரு பிழை இல்லை. அத்தனையும் நான் சொல்லிக்கொடுத்த தமிழ். பந்தியில் உட்காராமல் வந்துவிட்டேன்.

நாளையும் பாடம் உண்டு. போவேன். முதலில் அந்த நாயை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்காருவேன். எழுந்திரு என்று சொல்லட்டும், பார்க்கலாம். அதற்குத்தான் தமிழ் வந்துவிட்டதே.