வழியில் உடையும் அயனி

என் அடாவடிக்காரி விமலாவுக்கு,

கலைச்சொல் குழு நேற்று மறுபடி கூடியது. நீ போன பிறகு முதல் கூட்டம். உன் நாற்காலியில் யாரோ பையை வைக்கப் போனார்கள். "அங்க வெக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். அப்புறம் எனக்கே வெட்கமாகப் போயிற்று.

நம் ஆய்வகத்துக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்த நாளிலிருந்து உனக்கு இந்தப் பைத்தியம். பொருளை அயனிகளாக்கி, நிறை பிரித்து, கடைசியில் உணரியில் பிடித்து, இன்னதென்று அடையாளம் காட்டும் இயந்திரம். அதைப் பற்றித் தமிழில் ஆளுக்கொரு சொல்லாக எழுதினால் பிள்ளைகள் என்னத்தைப் படிக்கும் என்று சண்டை போட்டே இந்தக் குழுவைக் கூட்ட வைத்தாய்.

'மெட்டாஸ்டேபிள் அயனி' என்கிற ஒரு சொல்லுக்காக நாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தோமே, ஞாபகமிருக்கிறதா? அதையும் 'நிலையற்ற அயனி'யோடு சேர்த்துவிடலாம் என்றேன் நான். பொரிந்து தள்ளிவிட்டாய்.

"ரெண்டும் ஒண்ணாக்கா? அது பொறந்த எடத்துலயே ஒடஞ்சிடுது. இது முழுசா கெளம்பி வருது, வழியிலதான் ஒடையுது. கெளம்பி வந்ததுக்குத் தனியா ஒரு பேரு வேணாமா?"

அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்றார் முசியே. பிரெஞ்சில் படித்த நம் தலைவரை அப்படித்தானே கூப்பிடுவோம்.

அந்தக் கூட்டத்துக்குத்தான் நீ அரியாங்குப்பத்து வீட்டிலிருந்து புறப்பட்டாய். புதிதாய் வாங்கிய செல்போனில் கூப்பிட்டு, "கெளம்பிட்டேன்க்கா, எனக்கு எடம் புடிச்சு வையி" என்றாய். பிடித்து வைத்தேன். நேரம் ஆக ஆக, "இவ எப்பவும் இப்படித்தான்" என்று காலி நாற்காலியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆற்றுப் பாலத்தின் மேல், பஸ்ஸில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்துவிட்டது எனக்கு எப்படித் தெரியும்? பாவி, பக்கத்திலிருந்தவர்களையாவது கூப்பிட்டாயா?

நேற்று அந்தச் சொல்லின் முறை வந்தது. முசியே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "புது மெஷின்ல இத யாரும் பெருசா பாக்கறதில்லம்மா. எடுத்துடலாமே?" என்றார்.

"வேணாம் முசியே. அது தனியாவே இருக்கட்டும்."

"அப்போ வரையறைய நீயே சொல்லு."

எழுதி வைத்திருந்த தாளோடு எழுந்து நின்றேன். 'உருவான இடத்திலிருந்து முழுதாகப் புறப்பட்டு, உணரியை அடையுமுன் வழியில் உடையும் அயனி.' இவ்வளவுதான். ஆனால் 'முழுதாகப் புறப்பட்டு' என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை விமலா. அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். மீதியை முசியேதான் தாளை வாங்கிப் படித்து முடித்தார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. உன் சொல் இருக்கிறது.

உன் காரியம் முடிந்த நாளிலிருந்து அந்தப் பாலத்தை நான் கடக்கவில்லை. அதனால் உன் வீட்டுக்கும் போகவில்லை. "பெரியம்மா ஏன் வரல?" என்று உன் மகள் கேட்கிறாளாம். அவளுக்கு நான் என்ன சொல்வது?

நம் கலைச்சொல் புத்தகம் அச்சாகட்டும். அதே பஸ்ஸில் ஏறி, பாலத்தைக் கண்ணை மூடிக்கொண்டாவது தாண்டி, உன் சொல் இருக்கும் பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுப்பேன். கிளம்பிவிட்டேன் என்று அவளுக்குப் போன் செய்ய மாட்டேன். வாசலில் போய் நின்றுகொண்டு, வந்துவிட்டேன் என்று சொல்வேன்.

உன் மகளின் பெரியம்மா,
ரேவதி