முன்னால் ஆபத்தான இரக்கம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
கதவு எண் 7, ஆற்றுச்சாலை மேல்முனை.

பெறுநர்:
கோட்டப் பொறியாளர் அவர்கள்,
சாலைகள் மற்றும் பாலங்கள் அலுவலகம்.

பொருள்: ஆற்றுச்சாலையில் மிதிவண்டிகளுக்கு விதித்துள்ள தடையை நீக்கக் கோருவதும், நான் விழவில்லை என்பதைக் கோப்பில் பதியக் கோருவதும்.

பார்வை: சென்ற மாதம் 9ஆம் தேதியிட்ட தங்கள் அலுவலக அறிவிப்பு.

மரியாதைக்குரிய ஐயா,

முதலில் ஒரு திருத்தம். நான் விழவில்லை. என் சைக்கிள்தான் விழுந்தது.

தங்கள் அறிவிப்பின் இரண்டாம் வரி, "மூதாட்டி ஒருவர் மிதிவண்டியிலிருந்து தவறி விழுந்து காயமுற்றதைத் தொடர்ந்து" என்று தொடங்குகிறது. அந்த மூதாட்டி நான். வயது எழுபத்து நான்கு என்பதால் 'மூதாட்டி' என்ற சொல்லை ஏற்றுக்கொள்கிறேன். 'தவறி', 'விழுந்து' ஆகிய இரண்டையும் ஏற்பதற்கில்லை. ஊர்ப்பேச்சில் ஒன்று ஒன்பதாகி, மருந்துக் கடையில் என் முழங்கை முறிந்திருக்கிறது, தையற்கடையில் இடுப்பு. வெளியூரில் இருக்கும் என் மகன் தொலைபேசியில் அழைத்து எந்த மருத்துவமனை என்று கேட்டபோது, நான் முக்காலி மேல் ஏறி நின்று பரணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முக்காலியைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் எதையும் மறைக்கப்போவதில்லை.

1. ஆற்றுச்சாலை என் வீட்டு வாசலில் தொடங்கி, பள்ளத்தாக்கின் மறுமுனையில் என் நாத்தனார் வீட்டருகே முடிகிறது. பன்னிரண்டு கிலோமீட்டர். எனக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். முதலில் ஒரு நீண்ட இறக்கம், பிறகு ஆற்றை ஒட்டியே சமதளம். வழியில் பழைய சுங்கச் சாவடி, கூரையில்லாத மாவு ஆலை, ஏழு வளைவுக் கல்பாலம், அதற்கப்பால் மேட்டின் மேல் காவல் கோபுரம். பாலத்தருகே இருக்கும் அரசுப் பலகை வளைவுகள் ஆறு என்கிறது. ஏழாவது வளைவு நாணல் புதருக்குள் இருக்கிறது. இறங்கிப் போய் எண்ணியிருக்கிறேன். பாலத்தின் கற்களில் அந்தக் கால வண்டிச் சக்கரங்கள் போட்ட தடம் இரண்டு கோடாக ஓடுகிறது. இடது தடத்தில் டயர் இறங்கினால் ஹேண்டில்பாரைப் பிடிக்கவே வேண்டியதில்லை, சாலையே அழைத்துப்போகும். லாரிகளுக்கு அங்கே வேலையில்லை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். இதைவிட நல்ல சாலை தங்கள் கோட்டத்தில் இல்லை என்பது என் கருத்து. இதைத் தங்கள் அலுவலகத்துக்கான பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

2. சம்பவம் நடந்தது ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணி. இறக்கம் தொடங்கும் இடத்தில் தங்கள் அலுவலகம் அந்த வாரம் ஒரு புதிய மரப்பலகை நட்டிருந்தது. "எச்சரிக்கை: முன்னால் ஆபத்தான இரக்கம்" என்று அதில் எழுதியிருந்தது.

ஐயா, நான் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புத் திருத்தியவள். அதற்கு முன் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். அங்கே ஒரு றகரம் தவறினால் கட்டுரை முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். அந்தப் பலகையைத் தாண்டிப் போக என் கால் மறுத்துவிட்டது. முறைப்படி இரண்டு பிரேக்கையும் பிடித்து, இடது காலை ஊன்றி, இறங்கினேன். சைக்கிளைப் பலகையின் காலில் சாய்த்தேன். கைப்பையிலிருந்த சிவப்புப் பென்சிலால் ரகரத்தை அடித்து, ஓரத்தில் றகரம் போட்டேன். அரசுப் பலகையில் எழுதியது குற்றமென்றால் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், திருத்தியதற்கு அல்ல.

பலகையின் கால் சரியாக ஊன்றப்படவில்லை. நான் எழுதி முடிக்கும்போது அது சாய்ந்தது. அதோடு சைக்கிளும் சாய்ந்து, பெடல் என் கணுக்காலுக்கு மேல் உரசிவிட்டது. ரத்தம் வந்தது உண்மை. கைக்குட்டையால் கட்டுவதற்காகக் கிலோமீட்டர் கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

3. அந்நேரத்தில் வந்தவர் ரொட்டி வேன் ஓட்டுநர். நல்ல மனிதர். அவர் கண்டது கீழே கிடந்த சைக்கிள், சாய்ந்த பலகை, ரத்தம், கல்லின் மேல் ஒரு கிழவி. நானே ஓட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று மூன்று முறை சொன்னேன். "பேசாதீங்கம்மா, பேசினா ரத்தம் இன்னும் போகும்" என்று சொல்லி, என்னையும் சைக்கிளையும் வேனில் ஏற்றிவிட்டார். சூடான ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே வீடு வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு அவர் அன்று ரொட்டி இறக்கிய கடைகள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் செய்தியையும் சேர்த்து இறக்கினார். பதினொன்றாவது, தங்கள் அலுவலக உணவகம்.

4. ஒன்பதாம் தேதி தடை வந்தது. விசாரிக்க நேரில் வந்தேன். முதியவர்கள் மேல் உள்ள அக்கறையால் எடுத்த முடிவு என்று தங்கள் எழுத்தர் மிகுந்த மரியாதையோடு சொன்னார், நாற்காலியும் போட்டார். வீடு திரும்பும்போது, பலகையில் முதலில் எழுதியிருந்ததே சரிதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

தடைப் பலகை எழுத வந்த பெயின்டர், தண்ணீர் கேட்டு என் வீட்டுக் கதவைத் தட்டினார். இறக்கத்துப் பலகையை எழுதியவரும் அவரே. குறை சொல்லாமல் விவரம் மட்டும் கேட்டேன். "எனக்கு எழுதிக் குடுத்ததே அப்படித்தாம்மா. நான் பாத்து எழுதறவன், படிச்சு எழுதறவன் இல்ல" என்றார். அவர் கையிலிருந்த புதிய தாளை வாங்கிப் பார்த்தேன். "மிதிவண்டிகள் செல்ல தடை" என்று இருந்தது. அந்தப் பலகையில் இப்போது "செல்லத் தடை" என்று ஒற்றுப்பிழை இல்லாமல் இருக்கிறதென்றால் அதற்கு நான்தான் காரணம். என்னைத் தடுக்கும் பலகையானாலும் பிழையோடு நிற்க விட மனம் வரவில்லை.

5. இனி, எனக்கு இந்தச் சாலை ஏன் வேண்டும் என்பது.

என் நாத்தனாருக்கு எழுபத்தோரு வயது. நானும் அவரும் இருபது வருடம் இந்தச் சாலையில் சேர்ந்து ஓட்டியவர்கள். என்னைவிட வேகமாக ஓட்டுவார். அதைச் சொல்லிக்காட்டவும் தவறமாட்டார். மூன்று வருடங்களுக்கு முன் அவருக்கு விழித்திரை கெட்டது. நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் நிழல்போல் கொஞ்சம் தெரியும். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசுவார். தெருவில் அதைத் திமிர் என்கிறார்கள். திமிரும் உண்டு, ஆனால் அது பிறவியிலேயே வந்தது. கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் போனதும் அவர் கேட்பது ஒன்றே: வழியில் என்ன பார்த்தீங்க அண்ணி? ஆற்றில் தண்ணீர் எந்தக் கல் வரை இருக்கிறது, ஆலைச் சுவரில் எந்தப் பக்கம் புதிதாக இடிந்திருக்கிறது, கோபுரத்தில் பருந்து உட்கார்ந்திருந்ததா என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் பிடித்துவிடுவார். தடை வந்த பிறகு பேருந்தில் போனேன். நெடுஞ்சாலை வழி, ஆறு கண்ணிலேயே படாது. "இன்னிக்கு என்ன சொல்லப் போறீங்க, முன் சீட்டுக்காரன் பிடரியையா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

6. சனிக்கிழமைகளில் அந்தச் சாலையில் ஓட்டும் மிதிவண்டிக் குழுவின் தலைவர் என் பல் மருத்துவர். தடை வந்த வாரம் அவரிடம் போயிருந்தேன். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, "நீங்க விழுந்தீங்க, எங்க ரோடு போச்சு மேடம்" என்றார். வாயில் கருவி இருந்ததால் உடனே மறுக்க முடியவில்லை. கருவியை எடுத்ததும் நடந்ததை முழுவதுமாகச் சொன்னேன். வருத்தப்பட்டார். அவர் வீட்டில் இருவர் மிதிக்கும் நீளச் சைக்கிள் ஒன்று சும்மா நிற்கிறதாம். "நானும் என் மனைவியும் ரெண்டு தடவதான் ஓட்டினோம். இறங்கினதும் ரெண்டு நாள் பேசிக்கல" என்று சொல்லி, அதை எங்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

பின்னால் உட்காருபவர் மிதித்தால் போதும், பார்க்க வேண்டியதில்லை. இதை என் நாத்தனாரிடம் சொன்னபோது, முகத்தை நன்றாகத் திருப்பிக்கொண்டார். அவர் என்னை உற்றுப் பார்க்கிறார் என்று அதற்கு அர்த்தம். "நீங்க முன்னாடி உக்காந்து எழுத்துப்பிழை பாருங்க அண்ணி. நான் மிதிக்கிறேன்" என்றார். மூன்று வருடத்தில் அவர் தனக்கென்று கேட்ட முதல் விஷயம் இது. ஓரத்தில் தெரியும் நிழலும் வருட முடிவுக்குமேல் நிற்காது என்று கண் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது இருக்கும்போதே அவர் ஒருமுறை பாலத்தைக் கடக்க வேண்டும். லாரிகள் போகும் நெடுஞ்சாலையில் எங்கள் இருவரையும் ஓட்டச் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

7. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன். கோப்பில் 'தவறி விழுந்து' என்பதை அடித்து, 'இறங்கி நின்றபோது மிதிவண்டி சாய்ந்து' என்று எழுத வேண்டும். ரொட்டி வேன் ஓட்டுநர் நான் விழுந்ததைப் பார்க்கவில்லை என்று கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார், இணைத்துள்ளேன். தடையை இம்மாத இறுதிக்குள் நீக்க வேண்டும். மழை நாட்களில் பாலத்தின் மேல் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று விதித்தால் கட்டுப்படுவோம், அது நியாயமும்கூட. பலகையின் காலை ஆழமாக ஊன்ற வேண்டும். என் சைக்கிளின் பின் பிரேக் கட்டை தேய்ந்திருந்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று நடந்ததற்கு அது காரணமில்லை, இருந்தாலும் மாற்றிவிட்டேன். இனி தங்கள் அலுவலகம் எழுதும் பலகைகளின் வாசகத்தை முன்கூட்டி அனுப்பினால் அன்றே பார்த்துத் தருவேன், பிரதிபலன் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. தங்கள் முடிவைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். என் நாத்தனாருக்கு வரும் கடிதங்களையெல்லாம் நான்தான் படித்துக் காட்டுகிறேன். தங்கள் பதிலையும் நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுவேன். இருப்பதை இருப்பதாகப் படிப்பதே என் தொழில். தங்கள் பதில் மறுப்பாக இருந்தால், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு தாளில் இல்லாததைப் படிக்க எனக்குத் தோன்றக்கூடும். அந்த நிலைக்கு என்னை ஆளாக்காமல் இருப்பது தங்கள் கையில் இருக்கிறது.

பதிலை எழுத்தில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆற்றுச்சாலை மேல்முனை
நாள்: 11, வியாழக்கிழமை

(கையொப்பம்)
மனுதாரர்

இணைப்பு: ரொட்டி வேன் ஓட்டுநரின் வாக்குமூலம், ஒரு பக்கம் (எழுத்துப் பிழைகள் திருத்தப்பட்டவை).