பெங்குவின்களுக்குப் பேசிய உன் குரல்

அன்பு மகள் வாயாடிக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே அப்பாவுக்குச் சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, நடையும் தளரவில்லை. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு நோவு கிடையாது, அதுவும் சீருடை தைக்கும் கம்பெனியில் மிஷின் மிதித்துச் சம்பாதித்தது, சுலபத்தில் போகாது. நலம் என்று எழுத வேண்டிய இடத்தில் எழுதிவிட்டேன், மீதியைக் கீழே படித்துக்கொள். ஃபோனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அவர் அசந்த நேரம் பார்த்துப் பேச வாயெடுத்தாலும் அழுகை முந்திக்கொள்கிறது, நீ அங்கே பதறிப்போவாய். காகிதம் என்றால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம், மூக்கைச் சிந்திக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

முதலில் நீ பார்க்கச் சொன்னதையெல்லாம் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பார்த்தியா பார்த்தியா என்று கேட்டே பிராணனை வாங்குவாய். அந்தப் பணக்காரக் குடும்பத்துத் தொடர் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பன் சொத்துக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள், சரி, ஆனால் அந்த வீட்டில் யாராவது உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுகிறார்களா? கையில் கோப்பையோடு நின்றுகொண்டே கத்துகிறார்கள். மூத்தவள் போட்டு வரும் கோட்டின் தையல் மட்டும் அருமை, தோள்பட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது, அதற்காகவே கடைசி வரை பொறுத்துக்கொண்டேன். துப்பறியும் தொடர் பரவாயில்லை. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. கொலைகாரனைத் துரத்தும்போது அந்த அதிகாரியின் கோட்டில் மேல் பொத்தான் அறுந்து விழுகிறது, நன்றாகக் கிட்டத்தில் காட்டுகிறார்கள், அடுத்த நாள் விசாரணை அறையில் அதே கோட்டு, பொத்தான் இருக்கிறது. பெண்டாட்டி விட்டுப் போன ஆள், வீட்டில் வெந்நீர்கூட வைக்கத் தெரியாதவர் என்று அவர்களேதான் சொன்னார்கள், அப்புறம் யார் தைத்துக் கொடுத்தது? கொலைகாரனைப் பிடிப்பதற்கு முன்னால் அதைக் கண்டுபிடித்திருக்கலாம். அப்பா அதில் கார்கள் துரத்திக்கொள்ளும் இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த வேகத்துல வளைச்சா வண்டி படுத்துடும், பின்னாடி நிக்கிறவங்க கதி என்ன ஆகும் என்று திட்டினார். காரில் யார் பின்னால் நிற்கப்போகிறார்கள், அவருக்கு எல்லா வண்டியும் அவர் ஓட்டின பஸ்தான். ஆஸ்பத்திரித் தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டேன், என்னைத் திட்டாதே. அதில் ஞாபகம் போன ஒரு அம்மாளுக்குப் பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டியதும் எல்லாம் பொலபொலவென்று திரும்பி வந்து பிள்ளைகளைக் கட்டிக்கொள்கிறாள். அந்தக் கதையை எழுதியவரை நம் வீட்டில் ஒரு வாரம் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும்.

எங்களுக்கு ஆவணப்படம்தான் தோது. பழைய துணியை மறுபடி நூலாக்கும் தொழிற்சாலையைப் பற்றி ஒன்று வந்தது, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஆனால் அப்பாவுக்கு அதிலும் நீ பின்னணிக் குரல் கொடுத்துப் பேசினதுதான் வேண்டும். ஃபோனில் நீ அப்பா என்று கூப்பிட்டால் யாரோ பொண்ணு பேசுது என்று என்னிடம் நீட்டிவிடுகிறவர், டிவியில் நீ பனிப்பாறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சத்தம் போடாதே, என் பொண்ணு பேசுறா என்று என்னை அடக்குவார். இதை முதலில் உன்னிடம் சொன்னபோது நீ அழுதாய், அடுத்த முறை கூப்பிட்டபோது அழுகையை விட்டுவிட்டு ஒரு வேலை செய்தாய் பார், அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். ஃபோனிலேயே டிவிக் குரலை எடுத்தாய். இதோ, நீண்ட ஓய்வுக்குப் பிறகு இந்தக் கம்பீரமான விலங்கு தன் மாத்திரையை நோக்கி மெல்லக் கையை நீட்டுகிறது என்று நீ சொல்ல, அவர் முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினார். அதிலிருந்து மாத்திரை, குளியல், நகம் வெட்டுவது எல்லாம் உன் வர்ணனையில்தான் நடக்கிறது. மாலைப் பொழுதில் இது நீர்நிலையை நாடிச் செல்கிறது என்று நீ சொல்ல, அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி குளியலறைக்கு நடந்த அன்று நான் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிட்டது. அப்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். டிவியில் இருக்கிறவளைத் தெரிகிறது, பக்கத்தில் இருக்கிறவளைத் தெரிகிறது, ஃபோனில் இருக்கிறவளை மட்டும்தானே தெரியவில்லை, சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். இப்போது பக்கத்தில் இருக்கிறவளும் போய்விட்டாள் வாயாடி.

நீ பேசின பெங்குவின் படத்தை ஒரு நாள் மறுபடி போட்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எப்போதும் போல சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவர் எழுந்து நின்றுவிட்டார். கோபமெல்லாம் இல்லை, ரொம்ப மரியாதையாகச் சொன்னார். தப்பா நினைக்காதீங்கம்மா, நீங்க அந்த நாற்காலியில உட்காருங்க, என் சம்சாரம் வர்ற நேரம், பார்த்தா மனசு கஷ்டப்படுவா என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து, உங்க சம்சாரம் எங்கே போயிருக்கா என்று கேட்டேன். நூல் வாங்கக் கடைக்குப் போயிருக்கா, வந்துடுவா, அவ வந்தா உங்களை அறிமுகம் பண்ணி வைக்கிறேன் என்றார். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது, சொல். டிவியில் நீ பேசிக்கொண்டிருந்தாய். எத்தனையோ பறவைகளின் இரைச்சலுக்கு நடுவிலும் தன் துணையின் குரலை அது அடையாளம் கண்டுகொள்கிறது என்று இழைத்து இழைத்துச் சொன்னாய். முதல் தடவை கேட்டபோது என் மகள் எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்று பூரித்தேன். அன்றைக்கு அதை எழுதிக் கொடுத்தவர் மேல் ஆத்திரம் வந்தது, உன் மேலும் வந்தது. படத்தில் ஒரு குறையும் இல்லை, நல்ல படம்தான், நான்தான் அதைப் பார்க்கிற நிலையில் இல்லை.

அதற்குப் பிறகு இதே கதைதான். தட்டை வைத்தால் கும்பிடாத குறையாக வாங்கிக்கொள்கிறார், உங்க கை ருசி என் சம்சாரம் கை ருசி மாதிரியே இருக்கு என்கிறார், இதற்கு நான் சிரிக்கவா அழவா? சாயங்காலம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசற்கதவுப் பக்கம் போய் நின்று தெருவைப் பார்க்கிறார். என்னைத் தேடித்தான். நேற்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை, பின்கதவு வழியாகப் பையை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய்ச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாக வந்தேன், என்னங்க, வந்துட்டேன் என்றேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கூட யாரும் வரலையா என்று கேட்டார். நான் பையை வைத்துவிட்டுச் சமையலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன்னைப் போலவே பேசிப் பார்ப்போம் என்று ஒரு நாள் இதோ, இவருடைய மனைவி அருகில் அமர்கிறாள் என்று செந்தமிழில் எடுத்து விட்டேன், நீங்க செய்தி வாசிக்கிறவங்களா, நல்லா இருக்கு, ஆனா கொஞ்சம் மெதுவா வாசிங்க என்று எனக்கே பாடம் நடத்தினார். டாக்டரிடம் கேட்டதற்கு, இது இப்படித்தான் போகும், அவரோட வாதாடாதீங்க, மனசுல எடுத்துக்காதீங்க என்றார். மனசில் எடுத்துக்கொள்ளாமல் வேறு எதில் எடுத்துக்கொள்வது என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். டாக்டர் நல்ல மனுஷர், அவர் என்ன செய்வார்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கு உன் மேல் பொறாமையாக இருக்கிறது. பெற்ற மகள் மேல் பொறாமைப்படுகிற தாயைத் தொடரில் காட்டினால் இதென்ன கூத்து என்று சேனலை மாற்றியிருப்பேன். தூரதேசத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நீ பேசுகிறாய், அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார். அவரோடு சண்டை போட்டு, சமாதானமாகி, அவர் சட்டைக் காலரைத் திருப்பித் திருப்பித் தைத்த எனக்கு இந்த வீட்டில் எதிர் நாற்காலிதான். அவர் என்னை மறந்துவிட்டார் என்றுகூடச் சொல்ல முடியவில்லை, அதுதான் கொடுமை. நாள் முழுக்க என் நினைப்பாகவே இருக்கிறார், எனக்காகத்தான் காத்திருக்கிறார், என்னை மட்டும் கிட்டே விட மாட்டேன் என்கிறார். அந்தப் புண்ணியவதி சீக்கிரம் வந்துவிட்டால் தேவலை என்று எனக்கே தோன்றுகிறது.

உடனே டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வராதே. நீ வாசலில் வந்து நின்றால் உன்னையும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார், அதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இப்போது இல்லை. அதற்குப் பதிலாக எனக்கு ஒன்று செய். உன் ஒலிப்பதிவு அறையில் எல்லோரும் கிளம்பிய பிறகு, பெங்குவின்களுக்குப் பேசினாயே, அதே குரலில், அவசரப்படாமல், நான் கீழே எழுதியிருப்பதைப் பேசி அனுப்பு. டிவியில் அந்தக் குரல் சொன்னால் அவர் நம்புவார், வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டார். மாடி வீட்டு நர்ஸ் அதை டிவியில் வரும்படி பண்ணித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பனிமலைப் படம் ஏதாவது ஓடட்டும், நடுவில் இது வரட்டும். முதலில் அழகான பெண் என்று எழுதினேன், எனக்கே வெட்கமாகிவிட்டது, அடித்துவிட்டேன். வயதான பெண் என்று போட்டால் அவர் வேறு யாரோ என்று நினைத்துக்கொள்வார். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறேன், தமிழ் சரியில்லாவிட்டால் திருத்திக்கொள், விஷயத்தை மாற்றாதே.

இதோ, அவள் வந்துவிட்டாள். அவளுடைய முடி நரைத்திருக்கிறது, முகம் மாறியிருக்கிறது, நடையும் முன்போல இல்லை. ஆனாலும் இத்தனை நேரம் இவர் காத்திருந்தது இவளுக்காகத்தான். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். இனி அவள் இவர் பக்கத்தில் உட்காரலாம்.

அவ்வளவுதான். பேசும்போது குரல் நடுங்கக் கூடாது, நீ அழுதால் இது டிவி இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் வெந்நீர் குடி, ஐஸ் எதையும் தொடாதே, உன் தொண்டையை நம்பித்தான் இருக்கிறேன். மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், கடைசி வரை ஒருவரை ஒருவர் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும், இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா,
உன் அப்பாவின் சம்சாரம்.