பெரியவள் பேசுகிறாள்

என் பெரியவளுக்கு,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள் கண்ணு, தூக்கம் வந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நானும் அப்பாவும் சின்னவனும் சுகம், உன் சுகம் தெரிந்தால்தான் இது முழுசாகும். சின்னவன் உன் அறையைப் பிடித்துக்கொண்டான், அக்கா தீவுல ராணி மாதிரி இருப்பா, இந்த ஓட்டை ஃபேன் அவளுக்கு எதுக்கு என்கிறான், ஆனால் உன் போர்வையை யாரையும் தொடவிடுவதில்லை.

கம்பெனி வளர்ந்துவிட்டது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதுவாயே அந்த வாடகை ஹால், அப்போது எங்களுக்கு இருந்தது ஒரே செயற்கைக்கோள், உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதற்கும் பெரியவள் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது கண்ணாடிக் கட்டடம், புதிது புதிதாக மூன்று செயற்கைக்கோள்கள், டிவிக்காரர்களும் வங்கிக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் புதியவற்றின் சிக்னல் வியாபாரம் உள்ள ஊர்கள்மேல்தான் விழுகிறது, உன் வானிலை நிலையத்தீவு விளிம்புக்கு வெளியே. பழையதை ஒதுக்குப்புறமாகத் தள்ளி அணைத்த அன்றே உன் போனும் செத்தது. அணைக்கும் கட்டளையை அனுப்பியது என் கைதான். தீவுக்கு வேறு ஏற்பாடு உண்டு என்றார் மேனேஜர், இன்னும் வருகிறது. முந்தின நாள் உனக்குக் காய்ச்சல், நாளைக்குச் சொல்றேம்மா என்று போனை வைத்தாய். போன கப்பல் உன் கடிதம் இல்லாமலே வந்தது.

போன வாரம் டீயோடு கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைகிறேன், ஷிஃப்ட் அண்ணன் ஹெட்போனைக் கழற்றி, யம்மா, பெரியவ பேசுறா என்றார். டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன், காய்ச்சல் விட்டுச்சா, சாப்பிட்டாளாமா என்று கேட்டுவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மேல சுத்துற அந்தப் பெரியவ, யம்மா என்றார் மெதுவாக. நாங்கள் அணைத்த பழைய செயற்கைக்கோள் வெயில் பட்டு எப்படியோ விழித்துக்கொண்டது, சொல்ல ஒன்றுமில்லாமல் ஒரே கீச்சொலி, நிழலுக்குள் போனால் நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது. நாங்கள் அனுப்புவது எதுவும் அதற்குக் கேட்பதில்லை. ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்தேன், வைத்திருக்கக் கூடாது. இப்போது குழாய் சொட்டினாலும் ஃபிரிட்ஜ் ஓடினாலும் அதே சத்தம். உனக்குக் காத்து கருப்பு இல்லடி, ஓவர்டைம் பிடிச்சிருக்கு என்று அப்பா கிண்டல் செய்தார். சற்றுமுன் எழுந்து பார்த்தால் அவரே உன் நம்பரை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டு இருட்டில் நிற்கிறார்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, காய்ச்சலோடு கம்பத்தில் ஏறாதே, காற்றளக்க வேறு ஆள் இல்லையா. நோய் நொடி அண்டாமல் நூறு வயசு இரு. அந்தப் பெரியவளுக்கு நான் கூப்பிடுவது கேட்காது, உனக்குக் கேட்கும். இதைக் கொண்டுவரும் கப்பலே திரும்பி வரும், இரண்டு வரி போதும், சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா